கண்ணை மூடாதடா, காதைப் பொத்து

பேராண்டி, கேள்விப்பட்டேன். அக்டோபர் 31 ராத்திரி உங்க அடுக்குமாடியில ஹாலோவீன் கொண்டாடப் போறீகளாம். அதுக்கு நீயும் உன் கூட்டாளிகளும் சேந்து பத்து நிமிசப் பேய்ப்படம் ஒண்ணு எடுக்கீகளாம். கேமரா வாடகைக்கு, லென்ஸ் வாடகைக்கு, மூஞ்சியில ரத்தம் பூச தனியா ஒரு ஆளுன்னு உன் ஆத்தா பெருமையாச் சொன்னா. மியூசிக்குக்கு என்னடா ஏற்பாடுன்னு கேட்டதுக்கு, "அதைக் கடைசியில நெட்டுல இருந்து இறக்கிக்கலாம்"னு சொன்னியாம். நல்லது. பேயை வீட்டுல விட்டுட்டு பேய்ப்படம் எடுக்கவும் ஒரு தைரியம் வேணும். அது உங்கிட்ட நிறையவே இருக்கு.

கிழவனுக்கு இங்கிலீஷ் பேயைப் பத்தி என்ன தெரியும்னு சிரிக்காதே. நான் சினிமாக் கொட்டகையில ஆபரேட்டரா இருந்தவன். ஞாயித்துக்கிழமை காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம்தான் வரும். வசனத்துல ஒரு வார்த்தை புரியாது. யாரு நல்லவன், யாரு கொலைகாரன், எப்ப சாவு விழும்னு எல்லாத்தையும் மியூசிக்தான் சொல்லும். பாஷை புரியாம பேய்ப்படம் பாத்தவன்தான்டா அந்தப் படத்தை முழுசாப் பாத்தவன். மிச்சக் கதையெல்லாம் நீ வாங்கிக் கொடுத்த இந்தப் போனுல தெரிஞ்சுக்கிட்டேன். அதுல நான் பக்திப் பாட்டு மட்டும்தான் கேக்கிறேன்னு நீ நினைச்சா, அது உன் நல்ல மனசு.

அந்தக் காலத்துப் பிலிம் ரீலோட ஓரத்துல சத்தம் ஒரு கோடாப் பதிஞ்சிருக்கும். புரொஜெக்டருக்குள்ள எக்சைட்டர் லேம்ப்னு சின்ன பல்பு ஒண்ணு அந்தக் கோட்டு மேல வெளிச்சத்தைப் பாய்ச்சும். அந்தப் பக்கம் இருக்கிற செல்லு, கூடிக் குறையற வெளிச்சத்தைக் கரண்டாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அந்த பல்பு போச்சுன்னா படம் ஓடும், ஆனா ஊமையா ஓடும். 'யார் நீ' படம் ரெண்டாவது ஆட்டம். வெள்ளைச் சேலை, விரிச்சுப் போட்ட கூந்தல், பனிமூட்டம். கொட்டகையில ஈ பறந்தா கேக்கும். சரியா அந்த நேரத்துல பல்பு போச்சு. அவ்வளவுதான். "தாயி, சேலை தடுக்கப் போகுது, பாத்து நட"ன்னு தரை டிக்கெட்டுல இருந்து ஒரு குரல். கொட்டகையே சிரிச்சு உருண்டுச்சு. பல்பை மாத்துனேன். அதே பொம்பளை, அதே சேலை, அதே நடை. பி. சுசீலா குரல் வந்ததும் சிரிச்சவன் பூராவும் காலைத் தூக்கி பெஞ்சு மேல வச்சுக்கிட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு பழமொழி சொன்னவன் காதை விட்டுட்டான்டா.

நம்ம பக்கத்துப் பேய் தன் பாட்டைத் தானே பாடும், அது ஒரு தனி ஜாதி. 1949-ல வந்த 'மஹல்' இந்திப் படத்துல கேம்சந்த் பிரகாஷ் மெட்டுக்கு லதா மங்கேஷ்கர் பாடினதுல இருந்து அந்த வம்சம் தழைச்சுது. குரல் தூரத்துல இருந்து வரணும்னு அந்தம்மாவை ஸ்டூடியோ மூலையில நிக்க வச்சு, பாடிக்கிட்டே மைக்கை நோக்கி நடந்து வரச் சொன்னாகளாம். ஒரு பட்டனைத் தட்டி எதிரொலி போடுற உங்களுக்கு அந்த நடையோட அருமை தெரியாது. 'யார் நீ'யில வேதா போட்ட அந்தப் பாட்டுகூட 'வோ கௌன் தீ' படத்துல மதன் மோகன் போட்ட மெட்டுதான். பேய்க்கு மாநில எல்லை ஏது?

வெள்ளைக்காரப் பேய் பாடாது. அதுக்காக வேற ஆளு வாசிக்கணும். உன் திருவிழாப் பேரையே வச்ச படத்தை எடுத்துக்க. 'ஹாலோவீன்', 1978, ஜான் கார்ப்பென்டர். கையில இருந்தது மூணு லட்சம் டாலர் சொச்சம். அமெரிக்காவுல அது சினிமாக் காசே இல்ல. கதை நடக்கிறது இல்லினாய்ல ஒரு கற்பனை ஊருல, இலை உதிர்ற காலத்துல. எடுத்தது கலிஃபோர்னியாவுல, மரமெல்லாம் பச்சைப் பசேல்னு நின்ன வசந்த காலத்துல. காய்ஞ்ச இலைக்குக் கலர் அடிச்சு தெருவுல கொட்டி, ஷாட் முடிஞ்சதும் கூட்டி அள்ளி அடுத்த ஷாட்டுக்கு வச்சுக்கிட்டாக. கொலைகாரனோட முகமூடி ரெண்டு டாலருக்கும் குறைச்ச விலைக்குக் கடையில வாங்கினது. 'ஸ்டார் ட்ரெக்' கேப்டன் கிர்க்கோட மூஞ்சி அது. வெள்ளைப் பெயிண்ட் அடிச்சு கண்ணு ஓட்டையைப் பெரிசாக்கினதும் பேய் ரெடி. அதை மாட்டிக்கிட்டு நடந்த நிக் காஸிலுக்கு நாள் கூலி 25 டாலர். உன் மேக்கப்காரன் எவ்வளவு கேட்டான்? சொல்லாதே, வேண்டாம். எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு.

படத்தை வெட்டி ஒட்டி முடிச்சு, மியூசிக்கும் மத்த சத்தங்களும் சேக்கறதுக்கு முன்னாடி, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் கம்பெனியில இருந்த ஒரு இளவயசு அதிகாரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினான் கார்ப்பென்டர். அந்தம்மாவுக்குத் துளிகூடப் பயம் வரல. அதே முகமூடி, அதே கத்தி, அதே இருட்டு. ஒண்ணும் பலிக்கல. இதை மியூசிக்கை வச்சே காப்பாத்துறேன் பாருன்னு உக்காந்தவன், மூணே நாளுல முடிச்சான். வாத்தியக் கோஷ்டி வைக்கக் காசில்ல. இவனே பியானோ, இவனே சிந்தசைசர். டைட்டில்ல மட்டும் 'பௌலிங் கிரீன் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா'ன்னு பந்தாவாப் போட்டுக்கிட்டான். அப்படி ஒரு கோஷ்டியே கிடையாது. பௌலிங் கிரீன் அவன் வளந்த ஊரு. எனக்கு அவனைப் பிடிச்சுப் போனதே இந்தக் குசும்பாலதான்.

அந்த மெட்டுல என்ன இருக்குன்னு சொல்றேன், தொடையில தட்டிக்கிட்டே வா. தகிட தகிட தக திமி. தகிட தகிட தக திமி. பத்து எழுத்து, அஞ்சு தட்டு. அவன் அப்பா சங்கீத வாத்தியாரு. சின்ன வயசுல மகனுக்கு போங்கோவுல இந்த அஞ்சு தட்டைச் சொல்லிக் கொடுத்திருக்காரு. நம்ம மிருதங்கக்காரனுக்குக் கண்டம்கிற இந்த அஞ்சு தண்ணி பட்ட பாடு, ஒண்ணும் பயப்பட மாட்டான். ஆனா நாலு நாலா எண்ணிப் பழகின காலுக்கு அந்த அஞ்சாவது தட்டு இடறும். அடுத்த சுத்து எங்க ஆரம்பிக்குதுன்னு காது தேடும். கண்டுபிடிக்கிறதுக்குள்ள அது சுத்தி வந்திரும். மேல பியானோ அதையே விடாம தட்டிக்கிட்டு இருக்க, அடியில சிந்தசைசர் படிப்படியா இறங்கும். ஓடவும் விடாது, உக்காரவும் விடாது. முகமூடிக்காரன் அந்தப் படத்துல ஓடறதே இல்ல, கவனிச்சியா? நடப்பான். அவனுக்கும் சேத்து மியூசிக் ஓடுது.

ஆறு மாசம் கழிச்சு அதே அம்மாவைப் பாத்திருக்கான். அதுக்குள்ள அவுக வேற கம்பெனிக்குப் போயிட்டாக. இப்ப படம் அவுகளுக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இடையில நான் சேத்தது மியூசிக் மட்டும்தான்னு கார்ப்பென்டரே எழுதி வச்சிருக்கான். முதல்ல அந்தம்மாவுக்குப் பயம் வராததும் நியாயம்தான்னு அவனே ஒத்துக்கிட்டான். இதை உன் கேமராமேன் தம்பிக்கு உரக்கப் படிச்சுக் காட்டு.

அந்தப் படத்துல துரத்தப்படுற பிள்ளை ஜேமி லீ கர்ட்டிஸ். அதோட அம்மா ஜேனட் லீயை யாரு கொன்னா தெரியுமா? கத்தின்னு சொல்லுவ. வயலின்டா. 'சைக்கோ'வைச் சொல்றேன், நம்ம மிஷ்கின் எடுத்தது இல்ல, 1960-ல ஹிட்ச்காக் எடுத்தது. குளியலறைக் காட்சியை ஏழு நாளு, 78 கோணத்துல எடுத்திருக்கான். ரத்தத்துக்குச் சாக்லேட் பாகு. கத்தி இறங்குற சத்தத்துக்கு முலாம்பழம். எல்லாம் பாத்துப் பாத்துச் செஞ்ச மனுசன், இந்த இடத்துக்கு மியூசிக்கே வேண்டாம், தண்ணி கொட்டுற சத்தமும் அலறலும் போதும்னு சொல்லிட்டான். இசையமைச்சவன் பெர்னார்ட் ஹெர்மன். முரடன். சரிங்க முதலாளின்னு தலையாட்டுற ஆளா? அந்த இடத்துக்கும் சேத்தே எழுதி வச்சுக்கிட்டான். மியூசிக் இல்லாம ஒரு தடவை, மியூசிக்கோட ஒரு தடவை போட்டுக் காட்டினதும் ஹிட்ச்காக் கவுந்தான். நீங்கதானே வேண்டாம்னு சொன்னீங்கன்னு கேட்டதுக்கு, அது நான் சொன்ன தப்பான யோசனைன்னு பதில் வந்துச்சாம். ஹெர்மன் சம்பளமும் ஏறக்குறைய ரெண்டு மடங்காச்சு. பேராண்டி, முதலாளி பேச்சைக் கேக்காம சம்பள உயர்வு வாங்கின கதை உலகத்துலயே இது ஒண்ணுதான், நீ ஆபீஸ்ல போய் முயற்சி பண்ணாதே.

அவன் என்ன செஞ்சான்? ஊதுறது, அடிக்கிறது ரெண்டையும் வெளியே அனுப்பிட்டான். வெறும் தந்தி வாத்தியம். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளைச் சத்தம்னு கணக்கு. உச்சியில வயலின் கீச்சு கீச்சுன்னு வெட்டுறப்ப, அது பறவையா, பொம்பளை அலறலா, கத்தியேதானான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. சைக்கோ ஏற்படுத்துன தாக்கத்துல 33 சதவீதம் மியூசிக்கால வந்ததுன்னு ஹிட்ச்காக் சொன்னதாச் சொல்லுவாக. 33-ன்னு எந்தத் தராசுல நிறுத்தானோ! மிச்சம் 67-ஐத் தான் வச்சுக்கிட்டானே, அதைப் பாரு. டைரக்டரு புத்தி.

அதே ரெண்டு பேரு மூணு வருசம் கழிச்சு 'பேர்ட்ஸ்' எடுத்தப்ப, பின்னணி மியூசிக்கே வேண்டாம்னு விட்டுட்டாக. ஹெர்மனுக்குச் சத்தத்துக்கு ஆலோசகர்னு வேலை. பெர்லின்ல ஆஸ்கார் சாலாங்கிறவன் ட்ரௌட்டோனியம்னு ஒரு மின்சார வாத்தியத்துல பறவைச் சத்தம் செஞ்சு கொடுத்தான். ஆனா ஒரு இடத்துல பாட்டு உண்டு. பள்ளிக்கூடத்துக்குள்ள பிள்ளைக வரிசையாப் பாட்டுப் பாடுதுக. வெளியே பெஞ்சுல ஒருத்தி சிகரெட்டு பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அவ முதுகுக்குப் பின்னாடி விளையாட்டுக் கம்பியில ஒரு காக்கா. பாட்டு ஓடுது. அப்புறம் நாலு காக்கா. பாட்டு முடிய மாட்டேங்குது. அவ திரும்பிப் பாக்கறப்ப கம்பியே தெரியல, அம்புட்டும் காக்கா. பச்சைப்பிள்ளைக பாட்டை வச்சு அடிவயித்தைக் கலக்கினவனை என்ன சொல்ல!

உன்னைச் சும்மா விட மாட்டேன், இன்னொண்ணும் கேளு. 'ஜாஸ்', 1975. ஸ்பீல்பெர்க் காசைக் கொட்டி இயந்திரச் சுறா செஞ்சான். உப்புத் தண்ணியில இறக்கினதும் அது படுத்துக்கிச்சு. சுறா இல்லாத சுறாப் படம். இசையமைச்ச ஜான் வில்லியம்ஸ் பியானோவுல ரெண்டே சுரத்தைத் தட்டிக் காமிச்சப்ப, விளையாடுறாருன்னு நினைச்சு ஸ்பீல்பெர்க் சிரிச்சுட்டான். அந்த ரெண்டு சுரம்தான் சுறாவுக்குப் பதிலாப் படம் பூரா நீந்துச்சு. கடன் கொடுத்தவன் செருப்புச் சத்தம் தெருமுனையில கேட்டதுமே வீட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிறோமே, ஆளைப் பாத்தா ஒளியறோம்? அந்தக் கணக்குதான். மெதுவா வந்தா தூரத்துல இருக்கு, வேகம் கூடினா கிட்ட வந்திருச்சு. வில்லியம்ஸுக்கு ஆஸ்கார் கிடைச்சுச்சு.

ஆனா என்னை அசத்தினது அது இல்ல. ரெண்டு பொடிப்பயலுக அட்டையில துடுப்பு செஞ்சு தண்ணியில மிதக்க விட்டு ஊரை ஏமாத்துவானுக. கடற்கரையே அலறி ஓடும். அந்த இடத்துல மியூசிக் கிடையாது. மியூசிக் பொய் சொல்லல பாத்தியா? ரெண்டு சுரம் கேட்டாத்தான் சுறான்னு உன் காது அந்தாளோட ஒப்பந்தம் போட்டுக்கிது. ஒரு மணி நேரத்துக்கு மேல படம் ஓடி, உன் காது நிம்மதியா அவனை நம்பினப்புறம், ஹீரோ ராய் ஷைடர் படகுல நின்னு தண்ணியில இரையை அள்ளிப் போடுறப்ப, சுரமே இல்லாம மூஞ்சிக்கு நேரா வாயைப் பொளந்துக்கிட்டு வருது சுறா. முதல் ஒரு மணி நேரம் உண்மை பேசினதே அந்த ஒரு துரோகத்துக்காகத்தான். இதுக்குப் பேரு கெட்டிக்காரத்தனம். 'ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்'துக்கு இசையமைச்ச ஹாரி மான்ஃப்ரெடினியும் இதே நேர்மைக்காரன்தான். கொலையாளி பக்கத்துல இருந்தா மட்டும்தான் வாசிப்பான்.

உங்க தலைமுறை என்ன பண்ணுது? கதவு திறந்தா டமார். பூனை குதிச்சா டமார். ஹீரோயின் ஃப்ரிட்ஜைத் திறந்து தயிரை எடுத்தா டமார். 1942-ல 'கேட் பீப்பிள்' படத்துல, ராத்திரி தனியா நடக்கிற பொம்பளைக்குப் பின்னாடி புலியோ சிறுத்தையோன்னு நாம நடுங்கிக்கிட்டு இருக்கிறப்ப, புஸ்ஸுன்னு ஒரு சீறல். பாத்தா பஸ்ஸு வந்து நிக்குது. அதை அவுக ஒரு தடவை செஞ்சாக, 80 வருசமா உலகம் பேசுது. நீங்க பத்து நிமிசத்துல பதினோரு தடவை செய்யறீக. பயத்துல வர்ற நடுக்கம் வேற, தூங்கறவன் காதுல தகரத்தைத் தட்டினா வர்ற நடுக்கம் வேற. ரெண்டாவதுக்கு டைரக்டரு எதுக்கு, தகரம் போதுமே.

நெட்டுல இருந்து இறக்கறேன்னு சொன்னியே, அதையும் பாத்திருவோம். அடுத்தவன் மெட்டை எடுத்துப் போட்டு ஜெயிச்சவனும் இருக்கான், இல்லேன்னு சொல்லல. 'எக்ஸார்சிஸ்ட்' எடுத்த வில்லியம் ஃப்ரீட்கின், லாலோ ஷிஃப்ரின் எழுதிக் கொடுத்த மியூசிக்கை வேண்டாம்னு ஒதுக்கிட்டு, மைக் ஓல்ட்ஃபீல்டோட 'ட்யூபுலர் பெல்ஸ்'ல இருந்து ஒரு துண்டை எடுத்துப் போட்டான். 19 வயசுப் பையன் முக்கால்வாசி வாத்தியத்தைத் தானே வாசிச்சுப் பதிஞ்சது. பேய்க்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அதுலயும் எண்ணிப் பாத்தா 15 எழுத்துச் சுத்து, ஒத்தைப்படை. 1973-ல வந்த அந்த இசைத்தட்டுதான் ரிச்சர்ட் பிரான்சனோட வெர்ஜின் கம்பெனிக்கு முதல் வெளியீடு. பின்னால அவன் விமானக் கம்பெனி நடத்தினப்ப ஒரு விமானத்துக்கு 'ட்யூபுலர் பெல்'னே பேரு வச்சான். ஃப்ரீட்கின் தேடிக் கேட்டு எடுத்தான். நீ 'ஸ்கேரி மியூசிக் ஃப்ரீ'ன்னு தட்டி, முதல்ல வந்ததை எடுப்ப. பக்கத்து பிளாக் பையன் எடுக்கிற படத்துக்கும் அதேதான் வரும். ரெண்டு பேரு வீட்டுலயும் ஒரே பேயா?

பயமுறுத்தணும்னா பயங்கரமா வாசிக்கணும்னு எவன் சொன்னான் உனக்கு? 'ரோஸ்மேரிஸ் பேபி'யில மியா ஃபாரோ வார்த்தையே இல்லாம லாலா போட்டுத் தாலாட்டு மாதிரி முனகும், குலை நடுங்கும். 'அன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்'ல ஒரு பையன் ஓநாயா மாறுறான். எலும்பு நீளுது, முதுகு வளையுது. பின்னாடி சாம் குக் நிலாவைப் பத்தி சுகமாப் பாடிக்கிட்டு இருக்காரு. அவருக்கு இவன் சாவு தெரியாது. அதுதான்டா கொடுமை. இதுக்கெல்லாம் மூத்தவன் ஃபிரிட்ஸ் லாங். 1931-ல 'எம்'னு ஒரு ஜெர்மன் படம், அவன் எடுத்த முதல் பேசும் படம். பிள்ளைகளைக் கொல்றவன் ஒருத்தன் க்ரீக்ங்கிற இசையமைப்பாளரோட மெட்டு ஒண்ணை விசிலடிச்சுக்கிட்டே திரிவான். அந்த வேசம் கட்டின பீட்டர் லோரேக்கு விசில் வராதுன்னு லாங்கே அடிச்சுக் கொடுத்தான். போலீஸ் பூரா வலை வீசித் தேடியும் சிக்காதவனைக் கண்டுபிடிச்சது யாரு? பலூன் விக்கிற கண்ணு தெரியாத கிழவன். விசிலைக் கேட்டே பிடிச்சுட்டான். நூறு கேமரா வாடகைக்கு எடுத்தாலும் இந்த ஒரு காட்சிக்கு ஈடாகுமா?

உன் ஆத்தாளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிரு. பேய்ப்படம் பாக்கறப்ப அவ முந்தானையால கண்ணை மூடிக்கிறா, காதைத் திறந்து வச்சுக்கிறா. பயப்படாம பாக்கணும்னா தலைகீழாச் செய்யணும். கண்ணைத் திறந்துக்கிட்டு காதைப் பொத்து. 'ஹாலோவீன்'ல ஒருத்தன் ரெண்டு டாலர் முகமூடியை மாட்டிக்கிட்டு தெருவுல நடந்து போவான், பாவமாத்தான் இருக்கும்.

உனக்குச் சொல்றது இதுதான். இன்னைக்குக் கேமராவுக்கு முன்பணம் கட்டாதே. கீழ் வீட்டுல வயலின் கத்துக்கிட்டு இருக்கே ஒரு பிள்ளை, இன்னும் சரியா வரல, தினமும் சாயங்காலம் உயிரை வாங்குதுன்னு நீ புலம்புவியே, அதுகிட்ட மரியாதையாப் பேசி ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லிப் பதிஞ்சு வையி. எடுத்த படத்தை ஒரு தடவை சத்தமில்லாம எனக்குப் போட்டுக் காட்டு, நான் சிரிக்கிற இடமெல்லாம் குறிச்சுக்க. அந்த இடத்துல மட்டும் அந்த வயலினைப் போடு, மிச்ச இடத்துல வாயை மூடிக்கிட்டு இரு. வர்றப்ப எனக்கு வெத்தலை வாங்கிட்டு வா, கொழுந்தாப் பாத்து.